குறையே குணமான கதை

கைத்தறித் துணி வாங்கினால் கூடவே ஒரு சீட்டும் வருகிறது. பழுப்புக் காகிதத்தில் அச்சடித்து, சணல் கயிற்றில் கோத்து, துணியின் ஓரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலம். சாரம் இவ்வளவுதான்: இது கையால் நெய்தது, இதில் தென்படும் இழை மேடுபள்ளம், நிற வேறுபாடு, சிறு முடிச்சு முதலானவற்றைக் குறை என்று எண்ண வேண்டாம், கைவேலையின் அழகே அதுதான். கடைக்குக் கடை சொற்கள் மாறும், செய்தி மாறாது. இப்போதெல்லாம் மண் கோப்பைக்கும் பித்தளை விளக்குக்கும் மரத் தட்டுக்கும்கூட இதே சீட்டுதான்.

தலைநகரில் குளிர்காலம் பிறந்துவிட்டால் கைவினைக் கண்காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பல வருஷங்களாக அவற்றைச் சுற்றி வருகிறவன் என்ற முறையில், இந்தச் சீட்டை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, ஒரு சிறுகதையை விமர்சிப்பதுபோல விமர்சித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. மொத்தம் நாலு வரிதான். ஆனால் பொருள்களைப் பற்றிய நம் ரசனை எங்கே வந்து நிற்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறொரு எழுத்து என் கண்ணில் பட்டதில்லை.

முதலில், இதில் பேசுவது யார்? நெய்தவரே பேசுவதுபோல ஒரு பாவனை இருக்கிறது. உண்மையில் பேசுவது விற்பவர். 'ஏதாவது கோளாறு என்று திருப்பிக் கொண்டுவராதே' என்பதை அவர் அழகியல் மொழியில் சொல்கிறார். வக்கீல் எழுத வேண்டிய வாசகத்தைக் கவிஞர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே துணி தறியிலிருந்து இறங்கி மாஸ்டர் வீவரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ போய்ச் சேரும்போது என்ன நடக்கிறது என்று நெசவுத் தெருக்களில் பழகியவர்களுக்குத் தெரியும். புடவையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டுப்போன இடம், அடி ஒரே சீராக விழாத இடம், கரை இழுத்துக்கொண்ட இடம் ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டுவார்கள். கூலியில் பிடித்தம் போகும். ஆக, ஒரே முடிச்சு நெய்த ஊரில் கூலிப் பிடித்தம். தில்லிக்கு ரயிலேறி வந்ததும் தனித்துவமான அழகு. அந்த அழகுக்கு இங்கே ஒருவர் கூடுதல் விலை கொடுக்கிறார். பிடித்தம் போனவருக்கு அதிலிருந்து ஒரு காசு திரும்புகிறதா என்றால், இல்லை.

ஒரு கண்காட்சியில் காதால் கேட்டதைச் சொல்கிறேன். நம்மூர் அம்மாள் ஒருவர், கையில் பருத்திப் புடவை. இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீட்டா இருக்கே, மெஷின்ல போட்டதோ?" என்றார். "இல்லீங்கம்மா, கைத்தறிதான்" என்றார் கடையில் இருந்த நெசவாளர். அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துக் கடையில் சொரசொரவென்று திப்பி திப்பியாக நூல் தெரிந்த ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனார். நெசவாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிசிறு இருந்தாத்தான் சார் நம்புறாங்க. இந்தப் பிசிறுக்குத்தான் எங்கப்பா என்னை அடிப்பாரு."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை என்றுகூடச் சொல்லலாம். இருந்தாலும் இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்று பார்க்க வேண்டும். கையின் திறமையை அடையாளம் காணும் கண் போய்விட்டது. அதனால் கையின் தவறை வைத்துக் கையை அடையாளம் காண்கிறோம். சீட்டு பிறந்தது அங்கேதான்.

குறையில் அழகு காண்பது நம் ஊர்ச் சரக்கு இல்லை. ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேய விமர்சகர் வெனிஸ் நகரத்துக் கட்டடங்களைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் தொகுதியில் (1853) கோதிக் கட்டடக் கலையைப் பேசும்போது இந்தக் கருத்தை வலுவாக முன்வைத்தார். ஆனால் அவர் எதற்காகச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியிடம் இயந்திரத்தின் துல்லியத்தைக் கேட்டால் அவன் வெறும் கருவியாகிப்போவான். அவனைச் சிந்திக்க விட்டால் அவன் வேலையில் பிழையும் வரும், உயிரும் வரும். பிழையோடு அந்த உயிரையும் ஏற்றுக்கொள் என்பது அவர் கட்சி. தொழிலாளியின் சுதந்திரம்தான் அங்கே பேச்சு. நம் சீட்டு ரஸ்கினுடைய முடிவை எடுத்துக்கொண்டு காரணத்தைக் கழற்றிப் போட்டுவிட்டது. கொடுத்த டிசைனை, கொடுத்த நிறத்தில், கொடுத்த தேதிக்குள் நெய்து தர வேண்டிய கூலி நெசவாளருக்கு எந்தச் சுதந்திரத்தை அந்த முடிச்சு காட்டுகிறது?

இப்படித்தான் ஆகும் என்று அப்போதே ஒருவர் சொல்லிவிட்டார். அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன். ஓய்வு வர்க்கத்தைப் பற்றிய அவருடைய நூல் 1899இல் வந்தது. இயந்திரச் சரக்கு எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்ததும், கைவேலையின் குறைகள் பணக்காரருக்குக் கௌரவச் சின்னமாகிவிடும், குறை தெரிந்தால்தான் 'நான் அதிகம் செலவழித்தேன்' என்று காட்ட முடியும் என்பது அவர் வாதம். ரஸ்கினையும், கையால் புத்தகம் அச்சிட்ட வில்லியம் மாரிஸையும் அவர் விட்டுவைக்கவில்லை. வெப்லனின் கேலி எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றும். மாரிஸின் வேலையில் இருந்த பிரியத்தை அவர் பார்க்க மறுக்கிறார். ஆனால் நம் கண்காட்சிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது.

தமிழர்களான நமக்கு இந்த விவாதத்தில் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர், முத்துக் குமாரசுவாமியின் மகன். மாரிஸ் பயன்படுத்திய அதே கை அச்சு இயந்திரத்தில்தான் தம் 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலை 1908இல் அச்சிட்டார். அடுத்த ஆண்டு 'இந்தியக் கைவினைஞர்' என்ற சிறு நூல் வந்தது. (அவருடைய முதல் மனைவி ஈதெல் பின்னாளில் இங்கிலாந்தில் பேர்பெற்ற கைநெசவாளர் ஆனார், நம்மவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.) சுதேசி இயக்கத்தின்போது எல்லோரும் அந்நியத் துணியை எரித்துக்கொண்டிருக்க, குமாரசுவாமி எழுப்பிய கேள்வி வேறு. ஐரோப்பாவின் மட்டமான சரக்கை நாமே இங்கே செய்துகொள்வதா சுதேசியம்? ரசனை சுதேசியாகாமல் உற்பத்தி மட்டும் சுதேசியானால் போதுமா? அவர் கைவினைஞரைப் பற்றி எழுதிய இடங்களில் எல்லாம் எதிரே ஒரு புரவலர் இருக்கிறார். தனக்கு என்ன வேண்டும், அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த புரவலர். நாம் கைவினைஞரை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு அந்த எதிராளியைத் தொலைத்துவிட்டோம். வாரியங்கள், விருதுகள், கண்காட்சிகள் எல்லாம் செய்பவருக்கு வந்தன. வாங்குகிறவரின் கண்ணுக்கு என்று எதுவும் வரவில்லை.

காந்தியும் இந்த விஷயத்தில் சீட்டுக்காரர்களின் பக்கம் இல்லை. நூற்ற நூலின் சீர்மை, வலு, நம்பர் இவற்றைப் பற்றி விடாமல் எழுதியவர் அவர். முண்டும் முடிச்சுமான நூல் அவருக்குக் கவனக்குறைவு, அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால் நம் பழைய அளவுகோலே கிடைக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு உடை தரும் இடம் எல்லோரும் படித்ததுதான். பாம்பின் சட்டை போன்ற துணி, கண்ணால் இழையைப் பின்தொடர முடியாத நுண்மை என்று அதை மெச்சுகிறார் முடத்தாமக்கண்ணியார். பாம்புச் சட்டை உவமையை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதற்குச் சற்று முன்னால் வருகிற கந்தலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொருநன் உடுத்தி வந்தது பேன் குடியிருந்த, வியர்வையில் ஊறிய, வேறு வேறு நூல்கள் ஊடே ஓடித் தைத்த கந்தல். அங்கே இழை கண்ணுக்குத் தெரிகிறது. அரசன் கொடுத்ததில் இழை தெரியவில்லை. வறுமைக்கும் சிறப்புக்கும் இடையிலான தூரத்தைக் கவிஞர் இழை தெரிவதையும் தெரியாததையும் வைத்தே அளந்துவிடுகிறார். கையின் சுவடே தெரியாமல் போவதுதான் கையின் உச்சம் என்று எண்ணிய சமூகம் அது. அந்தத் துணியை இன்று கண்காட்சியில் வைத்தால், "மெஷின்ல போட்டதோ?" என்றுதான் கேட்போம்.

சரி, கையின் தரம் குறையில் இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது? சீராக நெய்வதுதான் என்றால் அதை இயந்திரம் இன்னும் நன்றாகச் செய்யுமே? இது நியாயமான கேள்வி. பொத்தாம்பொதுவாக இதற்குப் பதில் கிடையாது. ஒரு பொருளை எடுத்துத்தான் பேச வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்கிறேன்.

உடல் அரக்கு, கரை பச்சை என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக நெய்தால் உடலின் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடும். பச்சைப் பாவில் அரக்கு ஊடை கலந்து, கரை பச்சையாகவும் இல்லாமல் அரக்காகவும் இல்லாமல் மங்கிப்போகும். கோர்வையில் அப்படி விடுவதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஒவ்வொரு நாடா, ஆக மூன்று. உடல் நூல் கரையின் எல்லைவரை வந்து, கரை நூலோடு கைகோத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு ஊடைக்கும், இரண்டு பக்கமும் இது நடக்க வேண்டும். ஆறு கஜத்தில் எத்தனை ஊடை என்று நினைத்துப் பாருங்கள். மறுபக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் தறியில் உட்கார வேண்டும். இரண்டு பேர் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். ஒருவர் இறுக்கி மற்றவர் தளர்த்தினால் கரை சுருங்கும். முந்தானை வேறு நிறம் என்றால் அங்கே பாவையே மாற்ற வேண்டும். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையை விரலால் திரித்துச் சேர்ப்பார்கள். இழைகள் ஆயிரக்கணக்கில்.

இவ்வளவும் செய்து முடித்தால் என்ன தெரியும்? மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பச்சை பச்சையாகவும் அரக்கு அரக்காகவும் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். புடவையைத் திருப்பி, கரை சேரும் இடத்தை விரலால் தடவினால் நூல்கள் கோத்துக்கொண்ட தடிப்பு தட்டுப்படும். அதுதான் அத்தாட்சி. 'புடவை கிழிந்தாலும் கரை பிரியாது' என்று பெருமை பேசுவார்களே, அந்தப் பெருமைக்கு ஆதாரம் இந்தத் தடிப்பு. இரண்டு பேரின் பல நாள் உழைப்பும் நிறம் கலங்காமல் இருக்க வேண்டும் என்ற ஒரே காரியத்துக்காக. இந்தத் தரத்தை எந்தச் சீட்டும் சொல்வதில்லை. சொன்னால் புரிந்துகொள்ள ஆளும் குறைவு.

புரிந்துகொள்ள ஒரு காலத்தில் ஆள் இருந்தார்கள். அவர்கள் கலாரசிகர்கள் அல்ல, வீட்டுப் பெண்கள். கடையில் புடவையை முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். 'கெட்டி நெசவு', 'சல்லடையா இருக்கு', 'கஞ்சியிலே நிக்குது, ரெண்டு தண்ணி பட்டா துவண்டுடும்', 'முறுக்குப் பத்தலே', 'சாயம் காலை வாரும்' என்று அவர்களிடம் ஒரு விமர்சன மொழியே இருந்தது. வேட்டி வாங்கும் ஆண்கள் எண்பதாம் நம்பரா நூறாம் நம்பரா என்று கேட்டார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்க்கும் பாட்டிகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். இன்று நம் வீடுகளில் புடவையைப் பற்றிப் புழங்கும் சொற்கள் 'லுக்', 'ரிச்', 'எலிகன்ட்'. இவை உடுத்துகிறவரைப் பற்றிய சொற்கள். துணியைப் பற்றி ஒரு சொல்லும் மிச்சமில்லை.

சொல் போன இடத்தில் முத்திரை வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டு முத்திரை 2004இல் வந்தது, கைத்தறி முத்திரை 2006இல். நல்ல ஏற்பாடுகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 'சில்க் மார்க்' ஒட்டியிருந்தால் அது கைத்தறி என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலேயே ஏராளம். அந்த முத்திரை சொல்வது நூல் சுத்தப் பட்டு என்பதை மட்டும். விசைத்தறியில் நெய்த சுத்தப் பட்டுக்கும் அது கிடைக்கும். பார்டர் வைத்த பட்டு, பருத்திப் புடவைகள் போன்றவற்றைக் கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிவைத்தது. முதலில் 22 இனங்கள், பிறகு 11 என்று சுருங்கியது. அந்தப் பதினொன்றிலும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விலைபோகிறது. விரலால் தடவிப் பார்க்கத் தெரிந்த கூட்டம் இருந்தால் சட்டத்துக்கு இவ்வளவு வேலை இருக்காது.

கோ-ஆப்டெக்ஸ் 2010களில் புடவையோடு நெய்தவரின் பெயரையும் படத்தையும் சேர்த்துத் தந்தது. பெயரற்றுப்போன ஒருவருக்கு முகம் கொடுத்த காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அட்டை நம்மிடம் எழுப்புவது பரிவு. நெய்தவர் எந்த இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறார் என்று அந்த முகம் சொல்லாது. ஒரு தொழில்காரனுக்கு நம் பரிவைவிட நம் கண்டுபிடிப்புதான் பெரிய மரியாதை என்பது என் எண்ணம்.

சீட்டின் தர்க்கம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? குறைதான் அடையாளம் என்றான பிறகு, குறையை இயந்திரமே செய்து தர ஆரம்பித்துவிட்டது. நூல் நடுநடுவே தடித்தும் மெலிந்தும் வரும்படி ஸ்பின்னிங் மில்லிலேயே கருவி பொருத்தி நூற்கிறார்கள். 'ஸ்லப்' நூல் என்று பெயர். கைராட்டையில் புதிதாக நூற்கப் பழகுகிறவர் செய்யும் பிழையைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் செய்கிறது. சாயத்துக்கு முன்பே நூலைக் கட்டிக் கட்டி வைத்து நெய்யும் போச்சம்பள்ளி, ஒடிசா இக்கத்தில் கோலத்தின் ஓரம் இறகுபோல் மங்கித் தெரியும். அந்த மங்கலையும் சேர்த்து அச்சடித்து மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். மதுரைச் சுங்குடியின் கதையும் தெரிந்ததுதான். கையால் ஆயிரக்கணக்கில் முடிச்சிட வேண்டிய புள்ளிகள் பெரும்பாலும் அச்சுப் புள்ளிகளாகிவிட்டன. பிழையைப் போலி செய்வது சுலபம். கோர்வையின் பின்பக்கத் தடிப்பைப் போலி செய்வது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் அதை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

பழைய காலத்தைப் பொற்காலமாக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். துணியை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த அதே வாடிக்கையாளர்கள்தான் நெய்தவரைத் திண்ணைக்கு மேலே ஏற்றவில்லை. நாலணாவுக்குப் பேரம் பேசினார்கள். பட்டு நெய்கிறவன் மகளுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்க முடியாத கதையைப் பிரியதர்ஷன் 'காஞ்சிவரம்' படத்தில் (2008) எடுத்தார். பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. ரசனை இருந்த காலத்தில் கூலி இல்லை என்பதுதான் அந்தப் படத்தின் வழக்கு, அது சரியான வழக்கு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிய அந்த இரண்டாவது ஆள் பல வீடுகளில் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள், கோர்வை குறைந்தது. இந்த ஒரு காரணத்துக்காகக் கோர்வை குறைந்ததென்றால் நான் அழமாட்டேன்.

ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. சிறுவன் எழுந்துபோன இடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டுமானால் அவருக்குப் பெரியவர் கூலி வேண்டும். அதாவது புடவையின் விலை இரண்டு முழுக் கூலியைத் தாங்க வேண்டும். கோர்வைக்கும் கோர்வை இல்லாததற்கும் வித்தியாசம் தெரியாத வாடிக்கையாளர் அந்த இரண்டாவது கூலியை எதற்காகக் கொடுப்பார்? முதலாளியும் புத்திசாலி, ஓர் ஆள் நெய்யும் புடவையைப் போடச் சொல்லிவிடுகிறார். ரசனை போனது ஒரு பண்பாட்டுத் துயரம் என்று மேடையில் பேசிவிட்டுப் போய்விடுகிறோம். இங்கே அது ஒரு மனிதரின் மாதச் சம்பளம்.

எண்களும் இதைத்தான் சொல்கின்றன. நெசவாளர்களும் சார்புத் தொழிலாளர்களுமாக 1995 கணக்கெடுப்பில் 65 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2009-10இல் 43 லட்சம், 2019-20இல் 35 லட்சம். கடைசிக் கணக்கெடுப்பின்படி மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கைவினை வாரியமும் 2020இல் கலைக்கப்பட்டன. தேசியக் கைத்தறி நாள் என்று 2015 முதல் ஆகஸ்ட் 7ஐக் கொண்டாடுகிறோம்.

சீட்டை என்ன செய்வது? கிழித்தெறியச் சொல்லவில்லை. எழுத வேண்டியதை எழுதட்டும். நூல் என்ன நம்பர், சாயம் எது, எத்தனை நாடா, கோர்வையா இல்லையா, எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்தார்கள், ஆளுக்குக் கூலி எவ்வளவு. அந்த நெசவாளரிடம் இதைச் சொன்னேன். "நாடா கணக்கு, நாள் கணக்கெல்லாம் எழுதிடலாம் சார்" என்றவர் கூலி என்றதும் கொஞ்சம் யோசித்தார். "அதை எழுதினா முதலாளி அடுத்த பாவு தரமாட்டாரு" என்று சொல்லிவிட்டு, மடிப்புக் கலைந்து கிடந்த புடவையை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.